கராம்புக் கொப்பை வரைந்தவருக்கு

ராத்தா,

அலுமாரியில் கம்பெனிக் கோப்புகளைத் தேடியபோது அந்தச் சேலைப்பெட்டி மூடி கைக்கு வந்தது. மருதாணியில் கலக்கும் தைலத்தின் வாசம் அட்டையில் இன்னும் லேசாக இருக்கிறது. மணப்பெண் ஒருத்திக்குக் கை எழுதி மிஞ்சிய மருதாணிக் கோனால் நீங்கள் அதில் வரைந்த கராம்புக் கொப்பு. எங்கள் மசாலாத் தூள் பாக்கெட்டுகளில் இன்றும் அதுதான் இருக்கிறது. அன்று அச்சகத்துக்காரர் கொடுத்த படத்தைப் பார்த்து, "தூள் விக்கிறீங்களா, மயில் விக்கிறீங்களா?" என்று சிரித்துவிட்டுத்தான் மூடியைக் கையில் எடுத்தீர்கள்.

எங்கள் கம்பெனி கொழும்புக் கம்பெனி ஒன்றுடன் இணைகிறது, ராத்தா. ஒப்பந்தத்தோடு ஒரு பட்டியலும் வந்தது. எங்களிடம் உள்ள புலமைச் சொத்துக்கள் என்னென்ன, பெயரா, படமா, செய்முறையா. ஒவ்வொன்றையும் ஆக்கியவர் யார். அவர் அதை எழுத்தில் ஒப்படைத்தாரா. அகராதியை வைத்துக்கொண்டு மூன்று நாள் வாசித்தேன். கோப்புகளைப் பார்ப்பவள் நான் என்பதால் நிரப்புவதும் என் வேலை.

"எல்லாம் நம்மளதுன்னு எழுதிப் போடு," என்றார் என் வீட்டுக்காரர்.

"படம் நம்மளது இல்லீங்களே. ராத்தா கையெழுத்தே போடல்ல."

"இத்தன வருஷமா யாரு கேட்டா? இத எழுதினா கொழும்புக்காரங்க வேணாம்னு போயிடுவாங்க. அப்புறம் நீயும் நானும் மயில்தான் விக்கணும்."

"பொய் எழுதுன கையால எப்படிங்க சாமிக்கு விளக்கேத்துறது?"

கையெழுத்து விடுபட்ட கதை உங்களுக்குத் தெரியும். படத்தை எங்களுக்கு எழுதித் தரும் தாள் தயாரான வாரத்தில்தான் உங்கள் கணவர் மவுத்தானார். நீங்கள் இத்தாவில் அமர்ந்தீர்கள். நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டைவிட்டு வெளியே வராமல், அந்நிய ஆண்களைக் காணாமல் இருக்கும் காலம். அந்தத் துக்கத்துக்கு நடுவில் தாளை நீட்டுவதா என்று மடித்து வைத்தேன். பிறகு கேட்க வெட்கம். நீங்களே ஒருநாள் கண்டி மார்க்கெட்டில் என்னைப் பிடித்தீர்கள்.

"கையெழுத்து வாங்க வாரேண்டு சென்னீங்க, காணவே இல்லையே? எண்ட படம் பழசாப் போச்சா?"

"அதுக்கென்ன அவசரம் ராத்தா," என்றேன். போன வருடம் நீங்களும் போய்விட்டீர்கள்.

பட்டியலில் உள்ளதை உள்ளபடி எழுதினேன். வரைந்தவர் நீங்கள், எழுத்தில் ஒப்படைக்கவில்லை, வாரிசு ஒரு மகள். கொழும்புச் சட்டத்தரணி மறுநாளே அழைத்தார். மகள் கையெழுத்திடாவிட்டால் இணைப்பு நடக்காதாம்.

நானும் வீட்டுக்காரரும் அக்குறணையில் உங்கள் வீட்டுக்குப் போனோம். உங்கள் மகள் தாளை ஒரு வரி விடாமல் வாசித்தாள். இவர் தேநீரைத் தொடவே இல்லை.

"ஏன் ஆன்ட்டி அப்பவே வரல்ல?"

"உம்மா இத்தாவுல இருந்தாங்களே மகள். தொந்தரவு பண்ணக்கூடாதுன்னுதான்."

"பொம்புளைங்க வரலாமே. எல்லாருமே அப்பிடித்தான் நெனச்சாங்க போல, யாரும் வரல்ல. உம்மா வாசலப் பாத்துக்கிட்டே இருந்தாங்க. 'அந்தப் பேப்பரச் சாட்டு வெச்சாவது அவ வருவா'ண்டு சென்னாங்க."

அவளாகவே பேனாவை எடுத்தாள். ஒன்றுதான் கேட்டாள்: பாக்கெட்டின் பின்பக்கம், படம் வரைந்தவர் என்று உம்மாவின் பெயர் வர வேண்டும். கொழும்புக்காரர்கள் ஒப்புக்கொண்டார்கள். அன்றுதான் இவர் வயிறாரச் சாப்பிட்டார்.

ஒப்பந்தம் முடிந்துவிட்டது. எனக்கு மட்டும் ஒன்று முடியவில்லை. அந்த நான்கு மாதமும் வெள்ளிக்கிழமை தவறாமல் மாத்தளைக்கு அம்மனைக் கும்பிட உங்கள் வீட்டைத் தாண்டித்தான் பஸ்ஸில் போனேன், ராத்தா. மூடியிருந்த உங்கள் யன்னல் திரையைப் பார்ப்பேன். உங்களுக்காகவும் வேண்டிக்கொள்வேன். ஒரு வெள்ளிக்கிழமையும் இறங்கவில்லை.