தண்ணி மாறுகிறவள்

14 ஜனவரி 1990, ஞாயிறு

பொங்கிச் சாப்பிட்ட கையோடு மண்வெட்டியைத் தூக்கினேன். கவுன்சிலிடம் வாடகைக்குத் தோட்டத்துண்டு எடுத்து இரண்டு மாதம். லண்டன் பிளேஸ்டோவில் பாதித் தமிழருக்கு அந்தச் செய்தியை நானே சொல்லி முடித்தாயிற்று.

"உமக்கென்ன விசரே? ஸ்னோ வரப்போகுது," என்றார் சபாரத்தினம். என் கணவர். பெட்ரோல் ஸ்டேஷனில்கூடக் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிற வேலையாகப் பார்த்து எடுத்த வீரர்.

நல்ல நாளில் தொடங்காத தோட்டம் உருப்படாது என்றேன். நாலு பாத்தி, அச்சொட்டாக ஊரில் அப்பு வெட்டின பாத்தி: பள்ளமாக வெட்டி, சுற்றிவர வரம்பு கட்டி, நடுவில் வாய்க்கால். வெங்காயமும் ஊன்றியாயிற்று. நாற்பத்தேழு வயதில் இடுப்பு நிமிராது என்பதை மட்டும் அப்பு சொல்லித் தரவில்லை.

20 ஜனவரி

கோயிலில் நான் வாயைத் திறந்தாலே, "கனகத்தின்ர தோட்டக்கதை" என்று ஆட்கள் செருப்புத் தேடுகிறார்கள். சரி, இங்கே எழுதுகிறேன். கொப்பிக்குக் கால் இல்லை, ஓடாது.

அம்மா செத்தபின் ஊரில் என்னை வளர்த்தது அம்மாவைப் பெற்ற அப்புவும் ஆச்சியும். விடியமுன்னம் தோட்டத்துக்கு இறைப்பு. கூலிக்கு வரும் முருகேசன் கிணற்றுத் துலாமரத்தின் மேல் முன்னும் பின்னும் நடக்க, அப்பு கிணற்றடியில் நின்று வாளித் தண்ணீரை வாய்க்காலில் ஊற்றுவார். பாத்தி நிரம்ப, அதை அடைத்து அடுத்ததைத் திறந்துவிடுவது என் வேலை. தண்ணி மாறுறது என்போம். எட்டு வயதில் எனக்கிருந்த அதிகாரம் பிறகு எங்கும் கிடைக்கவில்லை.

ஆச்சி மெல்ல வந்து ஒரு துண்டு பனங்கட்டியை என் வாயில் திணிப்பா. லஞ்சம். நான் வரம்பில் ஓர் ஓட்டை போட்டு அவவின் வாழைக்குத் தண்ணீர் விடுவேன். பாத்தி நிரம்பச் சுணங்கும். கிணற்றடியிலிருந்து அப்பு கத்துவார்: "எடியே, நித்திரையே?"

இந்தக் கதையைச் சபாரத்தினம் கலியாணம் முடித்த நாளிலிருந்து கேட்கிறார். கேட்கிறாரோ, கண்ணைத் திறந்துகொண்டு தூங்குகிறாரோ, யார் கண்டது?

9 பெப்ரவரி

மழை. நாலு பாத்தியும் நாலு குளம். வெங்காயம் மிதக்கிறது.

தண்ணீருக்குத் தவம் கிடக்கிற ஊரின் பாத்தியை, தண்ணீர் போக வழியில்லாத ஊரில் வெட்டியிருக்கிறேன். எனக்கு மூளை இருக்கா?

பக்கத்துத் துண்டு செல்வரத்தினம் அண்ணை, வெள்ளைக்காரப் பாணியில் மண்ணை மேடாகக் குவித்து வைத்திருப்பவர், வேலியில் சாய்ந்தார். "தங்கச்சி, வாத்து விடப்போறியளே?"

தோட்டச் சங்கச் செயலாளர் கிழவர் சிரிக்கவில்லை. ஓகஸ்ட் முடிவதற்குள் பயிர் நிற்காவிட்டால், காத்திருக்கும் அடுத்த ஆளுக்குத் துண்டு போய்விடும் என்றார். நாளைக்குக் கோயிலில் இதுதான் கதை. செல்வரத்தினம் அண்ணையின் வாய் கற்பூரம் மாதிரி, பற்றினால் அணையாது. கனகமாவது தோட்டம் செய்ததாவது, எல்லாம் புளுகு எண்டுவினம். அப்புவும் புளுகு, ஆச்சியும் புளுகு.

10 பெப்ரவரி

விடமாட்டன்.

28 ஏப்ரல்

கத்தரி, மிளகாய், வெங்காயம், மறுபடி. அதே பள்ளத்தில்தான். "மேடாக்குமன். செல்வரத்தினத்தைப் பாரும்," என்றார் இவர். மேடாக்கலாம். ஆனால் மேட்டில் தண்ணி மாற ஏலாது. இதெல்லாம் ஒரு காரணமா என்று கேட்டால், இல்லைத்தான்.

வானம் இரண்டு மாதமாக வெளுத்துக் கிடக்கிறது.

3 ஓகஸ்ட்

லண்டனா இது? தார் றோட்டில் செருப்பு ஒட்டுகிறது. ஹோஸ் பைப் பிடிக்கத் தடை; தொட்டியில் வாளியால் அள்ளித்தான் ஊற்றவேண்டும். செல்வரத்தினம் அண்ணையின் மேட்டில் ஊற்றினால் வழிந்து ஓடிவிடுகிறது. தக்காளி தலை தொங்கி நிற்கிறது. என் பள்ளத்தில் ஊற்றினது ஊற்றினபடி நிற்கிறது.

கெட்டித்தனம் என்று எழுத ஆசைதான். பெப்ரவரியில் என்னை மடைச்சியாக்கின அதே பள்ளம். வெயில் வந்தது, அவ்வளவுதான். கோயிலில் வேறு மாதிரிச் சொல்லுவேன்.

26 ஓகஸ்ட், ஞாயிறு

நேற்றுச் செயலாளர் கிழவர் வந்தார். என் மிளகாயில் ஒன்றைப் பிடுங்கிக் கடித்தார். வேண்டாம் என்று சொல்ல நான் அவசரப்படவில்லை. கண்ணீர் வடிய, அடுத்த வருஷமும் துண்டு உனக்குத்தான் என்றார்.

இன்று காலை இவர் தொட்டியடியில் அள்ளி வாய்க்காலில் ஊற்ற, நான் தண்ணி மாறினேன். தொட்டி கொட்டிலுக்குப் பின்னால். அவருக்குப் பாத்தி தெரியாது. செல்வரத்தினம் அண்ணை வேலியோரம் வந்து, ஒரு சின்ன ஓலைக் குட்டான் பனங்கட்டியை நீட்டினார். அப்டன் பார்க் கடையில் வாங்கினதாம். பிறகு தக்காளியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

வாயில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு, அவர் தக்காளிப் பக்கமாக வரம்பில் ஓர் ஓட்டை போட்டேன்.

கொஞ்ச நேரம் போயிருக்கும். கொட்டிலுக்குப் பின்னாலிருந்து, கலியாணம் முடித்த பதினெட்டு வருஷமாக என்னை 'நீர்' என்று கூப்பிடுவதில் ஒரு சொட்டுக் குறைக்காத மனிதர் கத்துகிறார்:

"எடியே, நித்திரையே?"

வாய் நிறையப் பனங்கட்டி. ஓடிப்போய் ஓட்டையை அடைத்தேன்.