இமயமலைக்கு ஓர் ஆள்

12.6.2023, திங்கள்

தினமும் நாலு வரியாவது எழுதச் சொல்லியிருக்கிறார் எங்கள் முதியோர் கல்வி வகுப்புக் கமலா டீச்சர். நாலு வரிக்கு எனக்கு அரை மணி ஆகிறது. ஆகட்டும். அறுபத்து மூன்று வருஷம் எழுதாமல் இருந்தவனுக்கு அரை மணி பெரிதா?

இன்று செய்தி இருக்கிறது. கள்ளக்குறிச்சியில் இரும்புக்கடை வைத்திருக்கும் தெய்வசிகாமணி சார் போன் செய்தார். பத்து வருஷமாக அவருடைய நடைக் குழுவை எங்கள் கல்வராயன் மலையில் அருவி அருவியாகக் கூட்டிப்போகிறவர்கள் நானும் என் மச்சான் பச்சமுத்துவும்தான். இந்தத் தடவை அவர்கள் இமயமலைக்குப் போகிறார்கள். செப்டம்பர் கடைசியில். ஒன்பது பேர். கூடவே சமைக்கவும் சுமக்கவும் நம் மலையிலிருந்து ஓர் ஆள் வேண்டுமாம்.

அங்கே ஒரு தேசியப் பூங்காவுக்குள் நடக்க வேண்டும் என்றார். பூங்கா என்றதும் கள்ளக்குறிச்சியில் ஊஞ்சலும் சறுக்கு மரமும் வைத்திருக்கிறார்களே, அதை நினைத்துக்கொண்டேன். சார் சிரித்தார். "பெரியவரே, அந்தப் பூங்காவுல ஊருன்னு ஒண்ணு கெடையாது. ஏழு நாள் நடந்தாத்தான் அந்தாண்ட வெளிய வரலாம். பனி, கரடி, சிறுத்தை எல்லாம் கீது."

ஊஞ்சல் இல்லாவிட்டால் போகட்டும்.

14.6, புதன்

இமயமலை. கடைசி எழுத்தில் மட்டும்தான் கொம்பு. எழுதச் சுலபம்.

18.6, ஞாயிறு

சார் காரில் வந்தார். வண்டியின் முன்பக்கத்தில் வரைபடத்தை விரித்து நாலு மூலையிலும் கல் வைத்தார். எங்கள் மலை மூவாயிரம் அடி. அங்கே தாண்ட வேண்டிய கணவாய் பதின்மூன்றாயிரம். எங்கள் மலையை நாலு தடவை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினாலும் கொஞ்சம் குறையும். அங்கே காற்றே கம்மியாம். அரிசி குக்கரில் வைத்தால்தான் வேகுமாம். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. வரைபடத்தில் ஓர் ஆற்றின் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தேன். தமிழில் யாரோ பென்சிலால் எழுதி வைத்திருந்தார்கள். சார் ஆச்சரியப்பட்டார்.

பச்சமுத்து பக்கத்தில் நின்றான். என் பெண்டாட்டி சாலம்மாளின் தம்பி. ஐம்பது வயது. முப்பது கிலோ மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு பீடி பற்றவைப்பான்.

"மாமா, பனியில பேனா எழுதாது. நீ வூட்லயே எழுதிக்கினு இரு. நான் போயி பாத்துட்டு வந்து சொல்றேன், எழுதிக்கோ" என்றான்.

எல்லோரும் சிரித்தார்கள். சாரும்.

ஒரே ஓர் இடம்தான். அது நானா அவனா என்று ஜூலையில் சொல்வார்.

2.7, ஞாயிறு

பயிற்சி நடை. ஆளுக்கு இருபது கிலோ. பாதி ஏற்றத்தில் பச்சமுத்து திரும்பி வந்து என் பையைப் பிடுங்கித் தன் பையின் மேல் போட்டுக்கொண்டான். நான் கேட்கவில்லை. கேட்காமல் செய்தான், ஒன்பது பேர் பார்க்க. "எங்க மாமாவுக்கு இப்பல்லாம் புஸ்தகம் தூக்கத்தான் தெம்பு" என்றான். மறுபடியும் சிரிப்பு. சார் தன் தண்ணீர் பாட்டிலை அவனுக்குக் கொடுத்தார்.

அவனைத்தான் எடுப்பார். தெரிந்துவிட்டது.

நான் எழுதக் கற்றுக்கொண்டது எதற்கு?

5.7, புதன்

வகுப்பில் கடிதம் எழுதச் சொல்லிக்கொடுத்தார்கள். அனுப்புநர், பெறுநர், ஐயா, பொருள். கடைசியில் இப்படிக்கு. அதன் கீழே பெயர். "பேரு போடாத கடுதாசி வாய் கட்டாத மூட்டை. எல்லாம் கொட்டிப்போயிடும்" என்றார் கமலா டீச்சர். பத்துத் தடவை எழுதச் சொன்னார். நான் இருபது தடவை எழுதினேன்.

8.7, சனி

மூன்று நாளாக ஒரு கடிதம் எழுதினேன். என் முதல் கடிதம். என்ன அழகாக வந்திருக்கிறது! வரி வளையவில்லை. 'வலிப்பு' என்ற சொல்லில் மட்டும் புள்ளியை விட்டுவிட்டுப் பிறகு வைத்தேன்.

நடந்ததைத்தான் எழுதினேன். சித்திரையில் புளியந்தோப்பில் பச்சமுத்து விழுந்து கை கால் இழுத்துக்கொண்டது. வாயில் நுரை. சாலம்மாள்தான் அரிவாளை அவன் கையில் திணித்தாள். பிறகு என்னைச் சோற்றின்மேல் சத்தியம் செய்யச் சொன்னாள். யாரிடமும் சொல்லக்கூடாது. நான் யாரிடமும் சொல்லவில்லை. எழுதினேன். எழுதுவதும் சொல்வதும் ஒன்றா?

அனுப்புநர் என்ற இடத்தைக் காலியாக விட்டேன். நானா முட்டாள்? வெள்ளிமலைக்கு நடந்து போய்த் தபால் பெட்டியில் போட்டேன். உள்ளே விழுகிற சத்தம் கேட்டது. வரும் வழியெல்லாம் சிரிப்பு.

16.7, ஞாயிறு

சார் போன் செய்தார். நான்தான்! பச்சமுத்து வேண்டாமாம். "உயிர் போற விஷயம் பெரியவரே, பனியில வலிப்பு வந்தா யாரு தூக்கறது?" என்றார். மற்ற குழுக்காரர்களுக்கும் சொல்லிவிட்டாராம், அவனை இனி மலையில் கூப்பிட வேண்டாமென்று. அதை நான் எழுதவில்லை. அது அவராகச் செய்தது.

சாலம்மாள் அடுப்படியில் அழுதாள். "யாரு சொல்லியிருப்பாங்க? எந்தப் பாவி?" நான் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தேன். மத்தியானம் சாமைச் சோறு மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

19.7, புதன்

எழுத்து கோணலாக வருகிறது.

பச்சமுத்து கள்ளக்குறிச்சிக்குப் போய்ச் சாரைக் கேட்டிருக்கிறான். அவர் கடிதத்தையே எடுத்துக் கொடுத்துவிட்டார். "உங்க ஊர்ல படிக்கத் தெரிஞ்சவங்க கிட்டக் குடுத்துப் படி" என்றாராம். அவன் நேராக என்னிடம் வந்தான்.

"மாமா, இதுல இன்னா எழுதிக்கீது? படி."

படித்தேன். ஐயா. பச்சமுத்துவுக்கு வலிப்பு உண்டு. மறைக்கிறார்கள். எல்லாம் சரியாகப் படித்தேன். பக்கத்தின் அடிக்கு வந்தேன். அங்கே இருக்கிறது: இப்படிக்கு, வேடியப்பன்.

ஐயோ, நான் ஏன்டா போட்டேன்? கை தானாப் போட்டிருக்குது. இருபது தடவ எழுதின கை. மொட்டைக் கடுதாசிக்கு எவனாவது பேரு போடுவானா?

"பேரு போடலியா?" என்றான்.

"போடல. மொட்டைக் கடுதாசி."

"அடியில ஏதோ கீதே?"

"தேதி."

அவன் குனிந்து பார்த்தான். விரலை வைத்தான். "இது நம்ம வெள்ளிமலை பஸ்ல போட்டுக்கற மொத எழுத்தாச்சே மாமா."

அவனுக்கு ஓர் எழுத்தும் தெரியாது. ஆனால் எந்தப் பஸ்ஸில் ஏறுவது என்று தெரியும். பஸ் எழுத்தை அடையாளம் வைத்திருக்கிறான்.

"ஆமா, வெள்ளிமலைன்னுதான் போட்டுக்கீது. போட்ட ஊரு" என்றேன்.

"பஸ்ல ஒரு சுழிதான் இருக்கும். இதுல ரெண்டு சுழி."

"கையெழுத்துல அப்படித்தான்டா வரும்."

"சரி மாமா." மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனான்.

20.7, வியாழன்

ஒன்று யோசித்தேன். சார் என் பெயரைப் பார்த்திருக்கிறார். பார்த்த பிறகும் என்னையே எடுத்திருக்கிறார். அப்படியானால் அவருக்கு நான்தான் வேண்டும். மனம் லேசாகிவிட்டது.

24.7, திங்கள்

பச்சமுத்து வகுப்பில் சேர்ந்துவிட்டான். என் பக்கத்திலேயே உட்கார்ந்தான். சட்டைப் பையில் கடிதத்தின் முனை தெரிகிறது.

"இனிமே மலைக்கு யாரும் கூப்பிட மாட்டாங்களாம் டீச்சர். சும்மாதானே இருக்கேன்" என்றான். டீச்சருக்குச் சந்தோஷம்.

3.8, வியாழன். ஆடிப்பெருக்கு

சார் கம்பளித் தொப்பி, காலுறை, பெரிய பூட்ஸ் அனுப்பினார். பூட்ஸைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் நடந்தேன். சாலம்மாள் பார்க்கவில்லை. பார்க்காதது போல இருந்தாள்.

அங்கே போவதற்கு அனுமதிச் சீட்டு வேண்டுமாம். அதற்கான தாளில் கைநாட்டு வைக்கவில்லை, கையெழுத்துப் போட்டேன்.

பச்சமுத்து ப, ட, ம முடித்துவிட்டான்.

12.8, சனி

"டீச்சர் வேகமாப் போறாங்க மாமா. நீ கொஞ்சம் சொல்லிக் குடு" என்று வீட்டுக்கே வந்துவிட்டான்.

சொல்லிக்கொடுத்தேன். ஒற்றைச் சுழிக் கொம்பும் இரட்டைச் சுழிக் கொம்பும் ஒன்றுதான், அழகுக்காகச் சில பேர் இரண்டு சுழிப்பார்கள், நீ ஒன்றே போடு என்றேன். அவன் தலையை ஆட்டி ஆட்டி எழுதினான். வெல்லம், வெலை, வெப்பமரம். வேப்பமரத்தை வெட்டிவிட்டான்! அவன் போன பிறகு வயிறு வலிக்கச் சிரித்தேன்.

நாற்பது நாள்தான். நான் ரயில் ஏறுகிறவரை அவன் அந்த அடிவரியைத் தாண்டக்கூடாது.

27.8, ஞாயிறு

சார் வீட்டில் கூட்டம். ஏழு நாளுக்கு உணவுப் பட்டியல் போட்டார்கள். அவல், பருப்பு, சுக்கு, வெல்லம், உப்புமா ரவை. பட்டியலை எழுதியது நான். என் கையெழுத்தை எல்லோரும் கைக்குக் கை கொடுத்துப் பார்த்தார்கள். சார் என் தோளில் தட்டி, "பெரியவர் கையெழுத்து எனக்கு முன்னமே பழக்கம்" என்றார். கண்ணைச் சிமிட்டினார். நானும் சிரித்தேன். வேறென்ன செய்ய?

6.9, புதன்

இன்று வகுப்பு முடிந்ததும் பச்சமுத்து அந்தக் கடிதத்தை எடுத்தான். அவனே படித்தான். ஒவ்வோர் எழுத்தாக, விரலை ஊன்றி. ஐ. யா. பச். ச. முத். து. தன் பெயரில் கொஞ்ச நேரம் நின்றான். வலிப்பில் நின்றான். அடிவரை வந்தான். கடைசி வரிக்கு முன்னால் மடித்துவிட்டான்.

"மீதி?" என்றேன். என் வாய் கேட்டுவிட்டது.

"மீதியத்தான் நீ அன்னிக்கே படிச்சியே மாமா. வெள்ளிமலைன்னு."

என் தோளிலிருந்து ஒரு தூசியைத் தட்டிவிட்டுப் போனான்.

7.9

தூங்கவில்லை.

14.9, வியாழன்

எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். எழுதுகிறேன்.

சார் கடைக்கு வரச் சொன்னார். போனேன். கல்லாவின் மேல் ஒரு தாளை வைத்துத் திருப்பினார். "உங்களப் பத்தியும் ஒண்ணு வந்துக்கீது பெரியவரே. படிங்க."

படித்தேன். மூன்றே வரி.

ஐயா. வெடியப்பனுக்குக் குடல் எறக்கம் இருக்குது. எட்டு வருசமா துணிப் பட்டை கட்டிக்கினு நடக்கறாரு.

கீழே இப்படிக்கு இல்லை. பெயர் இல்லை. சுத்தமாக விட்டிருக்கிறான். ஆனால் என் பெயரில் ஒற்றைச் சுழி.

அங்கேயே ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனார். திரைக்குப் பின்னால் வேட்டியை அவிழ்க்கச் சொன்னார்கள். பட்டையை அவிழ்க்கச் சொன்னார்கள். இருமச் சொன்னார்கள். இருமினேன். டாக்டர் சின்ன வயசு. "இதோட இமயமலையா தாத்தா? ஏழு நாள் தூரத்துல குடல் மாட்டிக்கிச்சின்னா அங்கயே பொதைச்சிட்டுத்தான் வரணும்" என்றார். திரைக்கு அந்தப் பக்கம் சார் சிரிப்பது கேட்டது.

வெளியே வந்ததும் சொன்னார்: "உங்க ஊருக்கு எழுதப் படிக்கக் கத்துக் குடுத்தது தப்பாப் போச்சு பெரியவரே." பூட்ஸை யாரிடமாவது கொடுத்தனுப்பச் சொன்னார்.

பஸ்ஸில் ஒரே நினைப்பு. குடல் இறக்கத்தை நான் இந்த நோட்டில்கூட எழுதியதில்லை. பச்சமுத்துவுக்குத் தெரியாது. டீச்சருக்குத் தெரியாது. அந்தப் பட்டையைத் துவைக்கிறவளுக்குத்தான் தெரியும். யார் கண்ணிலும் படக்கூடாது என்று எட்டு வருஷமாக வீட்டுக்குள்ளேயே கொடி கட்டிக் காயவைக்கிறவளுக்கு.

15.9, வெள்ளி

"ஏன் சொன்ன?" என்றேன்.

"நீ ஏன் சொன்ன?" என்றாள்.

அவ்வளவுதான். அவள் ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போய்விட்டாள்.

18.9, திங்கள்

வகுப்புக்குப் போனேன். பச்சமுத்து எனக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தான். "வா மாமா" என்றான்.

22.9, வெள்ளி

இந்நேரம் டில்லி ரயில் ஏறியிருப்பார்கள். எங்கள் மலையிலிருந்து யாரையும் கூட்டிப்போகவில்லை. சமையலுக்கு அங்கேயே ஆள் கிடைக்குமாம்.

இவ்வளவு எழுதும்போது சாலம்மாள் வந்து எதிரில் உட்கார்ந்தாள். துவைத்த பட்டையை என் மடியில் வைத்தாள். இன்று அது வெளிக்கொடியில் காய்ந்தது. ஊரே பார்த்திருக்கும்.

"எந்நேரமும் எழுதிக்கினே கீறியே, அதுல இன்னாதான் கீது? படி. கேக்கறேன்."

"எங்கேயிருந்து?"

"மொதல்லேர்ந்து."

"நிறைய இருக்குது."

"இருக்கட்டும். நடுவுல ஒண்ணும் உடாத. எனக்கு எழுத்துதான் தெரியாது. உன் மூஞ்சி தெரியும்."

முடித்துவிட்டுப் படிக்கிறேன் என்றிருக்கிறேன். கையைக் கட்டிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். எனக்கு இப்போது வேகமாக எழுத வரும். இருந்தாலும் மெதுவாகத்தான் எழுதுகிறேன்.