டேப்லெட்டின் வாயை அடைத்தவன்

அன்புள்ள அம்மாவுக்கு, உன் வாயாடி மகன் எழுதுவது. நான் நலம். உன் முழங்காலும் அப்பாவின் குறட்டையும் நலமா?

ஞாயிறு வீடியோ காலில், "வாயை மட்டும் அசைச்சு என்னையே ஏமாத்துறியாடா?" என்று கட் பண்ணிவிட்டாயே, சத்தியமாக அது சேட்டை இல்லை. அதற்கு முந்தின நாள், விடுதியில் கொடுத்த டேப்லெட்டில் எல்லாப் பொத்தானையும் அமுக்கிப் பார்த்தேன். பிறகு, சிம் தட்டைத் திறக்கிறேன் என்று நினைத்து, சார்ஜ் ஓட்டைக்குப் பக்கத்திலிருந்த மைக் ஓட்டையில் ஊசியால் குத்திவிட்டேன். "வாயாடி கை பட்டு அதுக்கு வாயே போச்சு!" என்கிறான் அறைத்தோழன்.

பழுது பார்ப்பவர் வரப் பத்து நாளாகுமாம். ஆனால் உன் குரல் எனக்கு நன்றாகக் கேட்கிறது. வரும் ஞாயிறும் கூப்பிட்டு ஆசை தீரத் திட்டு. எதிர்த்துப் பேச ஆளில்லை. திட்டி முடித்ததும் போனைச் சமையலறையிலேயே சாய்த்து வைத்துவிட்டு உன் வேலையைப் பார்.

சாப்பாட்டு மணி அடித்துவிட்டது, ஓடுகிறேன். பதில் வரவில்லை என்று மட்டும் கட் பண்ணிவிடாதே அம்மா. தலையாட்டிக்கொண்டு அங்கேதான் இருப்பேன்.

பத்து நாள் ஊமை,
உன் மகன்