கேற்றிலிருந்து இருபத்தாறு கவடு

கல்முனை

அன்பின் றாஹிலாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கடிதம் என்றதும் பயந்துவிடாதே, வீட்டில் எல்லாரும் சுகம். மாமிக்கு முழங்கால் வலி மட்டும் விடவில்லை. மகன் அஸ்பாக் நாலாம் வகுப்புக்குப் போகிறான், கணக்கில் கெட்டி, எழுத்துத்தான் கோழி கிளறினது போல.

லீவில் வந்ததும் பிள்ளையை அடக்கின கப்றுக்குக் கூட்டிப் போவீர்களா என்று போனில் மூன்று தரம் கேட்டாய். மூன்று தரமும் லைன் சரியில்லை என்றேன். லைன் நல்லாத்தான் இருந்தது. அதனால்தான் குவைத்துக்குத் திரும்பும் ஸுஹைறாவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

பெண்கள் மையவாடிக்குள் போவது நம்மூரில் வழக்கமில்லை. மௌலவியிடம் கேட்டேன். கூட்டமில்லாத நேரமாகப் பார்த்துக் கூட்டிப் போ, சத்தம் போட்டு அழக்கூடாது என்றார். வெள்ளிக்கிழமை வேண்டாம், ஞாயிறு அசர் தொழுகைக்குப் பிறகு போவோம். ரோட்டுப் பக்கக் கேற்றால்தான் போக வேண்டும், கடல் பக்கத்தது எப்போதும் பூட்டு. நல்ல செருப்பாகப் போட்டுக்கொள், நெருஞ்சி குத்தும். உள்ளே போனதும் எல்லாருக்கும் பொதுவாக ஸலாம் சொல். கப்றுகளை மிதிக்காமல் என் பின்னால் வா. பெரியவர்களின் தலைமாட்டில் மீஸான் கட்டை நட்டிருக்கும், முக்கால்வாசியில் பெயர் இராது. சின்னப் பிள்ளைகளுக்கு அந்தக் கட்டையும் இல்லை.

றிப்னா பிறந்து இரண்டாம் நாள் மௌத்தானபோது நீ தையலோடு ஆஸ்பத்திரியில் கிடந்தாய். நான்தான் கையில் தூக்கிப் போய் அடக்கினேன். நான் மேசன், அளவு தப்பாது என்று நினைத்துக் கேற்றிலிருந்து நடந்த கவடுகளை எண்ணி வைத்தேன். நேரே இருபத்தாறு, பிறகு வடக்கே நாலு. என் கவட்டுக்குத்தான் அந்தக் கணக்கு, உனக்கு முப்பத்தைந்தாவது வரும்.

நீ குவைத்துக்குப் போன மறு வருசம், ஜனாஸாவைத் தூக்கிவரும் சந்தூக்குப் பெட்டி திரும்ப இடம் போதாது என்று மதிலை உடைத்துக் கேற்றைத் தெற்கே தள்ளிக் கட்டினார்கள். கட்டியது நான்தான். மட்டம் பார்த்து, ஒரு நூல்கூடப் பிசகாமல் கட்டினேன். பழைய தூண் நின்ற இடத்தைக் குறித்து வைக்க வேண்டுமென்று இந்த மரமண்டைக்கு விளங்கவில்லை. பெருநாளைக்குப் போய்க் கவடு வைத்தேன். ஒரு ஹாஜியாரின் தலைமாட்டில் போய் நின்றேன்.

மையவாடியைப் பார்த்துக்கொள்ளும் ஆதம்பாவா காக்காவிடம் கேட்டேன். கேற்றத் தள்ளி வெச்சது நீதானே தம்பி, என்னட்டக் கேக்கிறாய், இந்தப் பக்கத்தில மூண்டு புள்ளயள் கிடக்குது, அதில ஒண்டு உன்ட, அதுக்கு மேல எனக்குத் தெரியா என்றார்.

மூன்றும் ஒரே நீளம். மாரி மழைக்கு மேடும் அமர்ந்துவிட்டது. அன்றிலிருந்து மூன்றுக்கும் நடுவில் நின்றுதான் ஓதுகிறேன். உனக்குச் சொல்ல வெட்கம், றாஹிலா. ஒன்றைக் காட்டி இதுதான் என்றால் நீ நம்பிவிடுவாய். அப்படிச் செய்யத்தான் முதலில் யோசித்தேன். பெற்றவளை ஏமாற்ற மனம் வரவில்லை.

என்னை ஏசுவதானால் வீட்டில் வைத்து ஏசு, எவ்வளவு நேரமென்றாலும் கேட்டுக்கொண்டிருப்பேன். அங்கே போய் எது என்று மட்டும் கேட்காதே. மூன்று பேருக்கும் சேர்த்து துஆச் செய். மற்ற இரண்டு பேரிடமும் இதுவரை பெற்ற உம்மா யாரும் வந்ததில்லை.

அல்லாஹ் உன்னைச் சுகமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன் கணவன்,
ஹமீட்