வேனின் இடது பக்க சீட்

கோத்தா திங்கி
8 செப்டம்பர் 2024

அன்புத் தங்கை லோஷினிக்கு,

அக்கா எழுதுகிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று சிரிக்காதே. சைக்காலஜி படிக்கப் போனதிலிருந்து, போனில் நான் எதைச் சொன்னாலும் நீ “ம்ம்” என்று சொல்லிவிட்டுச் சும்மா இருக்கிறாய். அந்த அமைதியில் நான் எதையாவது உளறிவிடுகிறேன், பிறகு எனக்கே எரிச்சல். கடிதத்தில் உன் “ம்ம்” செல்லாது பார்.

நானும் உன் மாமாவும் நலம். அவர் வழக்கம்போல் விடியுமுன் மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூருக்கு வேலைக்குக் கிளம்பிவிடுகிறார்.

விஷயத்துக்கு வருகிறேன். போன ஜனவரி வெள்ளத்தில் என் ஸ்கூல் வேன் பாலத்துக்குப் பக்கத்தில் மாட்டிக்கொண்டது உனக்குத் தெரியும். மீட்புக்காரர்கள் படகில் வந்து பிள்ளைகளைப் பத்திரமாகக் கரை சேர்த்தார்கள். பிள்ளைகள் பயப்படாமல் பார்த்துக்கொண்டேன் என்று ஊரே பாராட்டியது, நீயும்தான். ஆனால் அன்றிலிருந்து மழை பெய்தால் என்னால் வேனை எடுக்க முடியவில்லை. கை நடுங்குகிறது, நெஞ்சு அடைக்கிறது. “வேன் ரிப்பேர்லா” என்று சொல்லிச் சமாளிக்கிறேன். போன வாரம் ஒரு பிள்ளையின் அம்மா கேட்டே விட்டார்: “என்னங்க, ஒங்க வேன் மழை பேஞ்சா மட்டும்தான் ரிப்பேர் ஆகுமா?”

சில குடும்பங்கள் வேறு வேனுக்குப் போய்விட்டன. பெரிய மழை தொடங்கினால் மிச்சமும் போய்விடும். இந்த வேனை விட்டால் எனக்கு வேறு வேலை தெரியாது, லோஷினி.

நீதான் சீக்கிரம் சைக்காலஜிஸ்ட் லைசென்ஸ் வாங்கப் போகிறாயே. தீபாவளிக்கு வரும்போது என்னை உட்காரவைத்து இதைச் சரிபண்ணிவிடு. யாருக்கும் தெரிய வேண்டாம், மாமாவுக்குக்கூட.

உன் அக்கா
பிரேமலா


கோலாலம்பூர்
17 செப்டம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நான் பயிற்சி எடுக்கும் ஆஸ்பத்திரியின் கேன்டீனில் உங்கள் கடிதத்தைப் படித்தேன். வாங்கிவைத்த தே தாரிக் டீ ஆறிப்போனதுகூடத் தெரியவில்லை. இத்தனை மாதமாக இதைத் தனியாகச் சுமந்திருக்கிறீர்களே!

அக்கா, இது சரியாகிவிடும். பயந்துபோன உடம்பு இன்னும் அந்தத் தண்ணீரிலேயே இருப்பதாக நினைத்துக்கொள்கிறது. மெல்லப் பழக்கினால் அடங்கும். ஆனால் நான் பார்க்கக் கூடாது. சொந்த மனிதர்களுக்குச் சிகிச்சை கொடுக்கக் கூடாது என்பது எங்கள் தொழிலில் கண்டிப்பான விதி. லைசென்ஸ் வந்த பிறகும் அப்படித்தான்.

ஜோகூர் பாருவில் புவான் ரொஹானா என்று ஒரு பெண் சைக்காலஜிஸ்ட் இருக்கிறார். வெள்ளத்தில் சிக்கியவர்களை நிறையப் பார்த்தவர். அவருடைய நம்பரைத் தனிச்சீட்டில் எழுதி வைத்திருக்கிறேன். மாமாவிடமும் சொல்லிவிடுங்கள். கோபப்படாதீர்கள்.

அன்புத் தங்கை
லோஷினி


கோத்தா திங்கி
29 செப்டம்பர் 2024

லோஷினி,

அம்மா போன பிறகு உனக்குத் தலைவாரி, சோறு ஊட்டி, பள்ளிக்கூடம் அனுப்பினேனே, அப்போது நான் எந்த விதியையும் பார்க்கவில்லை. ஊர் பேர் தெரியாதவர்களுக்கெல்லாம் நாள் முழுக்கக் காது கொடுக்கிறாய். கூடப்பிறந்தவளுக்கு மட்டும், பைப் ரிப்பேர்காரன் நம்பர் கொடுப்பதுபோல் ஒரு நம்பரை எழுதி அனுப்புகிறாய். முன்பின் தெரியாத அம்மாவிடம் போய் என் பயத்தைக் கடைவிரிக்க மாட்டேன்.

தீபாவளிக்கு வேலை இருந்தால் நீ வர வேண்டாம்.

பிரேமலா


கோலாலம்பூர்
10 அக்டோபர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

“உன் அக்கா” இல்லாமல் வெறும் பெயரை மட்டும் போட்டிருந்தீர்கள். அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

விதி என்று நான் எழுதியது பாதிதான். மீதியையும் சொல்கிறேன். விதியே இல்லாவிட்டாலும் என்னால் முடியாது, அக்கா. எதிரில் இருப்பவர் அழும்போது நான் நிதானமாக இருக்க வேண்டும். நீங்கள் அழுதால் நான் உங்களைவிட அதிகமாக அழுதுவிடுவேன். உடனே நீங்கள் உங்கள் அழுகையை விட்டுவிட்டு என் கண்ணைத் துடைக்க வந்துவிடுவீர்கள். வைத்தியம் அதோடு முடிந்தது.

தீபாவளிக்கு வருவேன். கதவைத் திறக்காவிட்டால் வேனில் படுத்துக்கொள்கிறேன்.

உங்கள்
லோஷினி


கோத்தா திங்கி
15 ஜனவரி 2025

என் தங்கக்கட்டி லோஷினிக்கு,

உனக்குப் பதிவு கிடைத்துவிட்டது, இனி நீ சட்டப்படி சைக்காலஜிஸ்ட் என்று நீ அனுப்பிய சேதியை உன் மாமா நேற்று பொங்கல் வைக்கும்போது காட்டினார். நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றதில் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிட்டது. “அலமாக், பானையப் பாரு!” என்று அவர் கத்தின பிறகுதான் எனக்கு நினைவு வந்தது. அவ்வளவு பெருமை எனக்கு.

தீபாவளிக்கு வந்த உன்னிடம் நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. அன்று மதியம் மழை பிடித்ததும் முயன்று பார்க்கலாம் என்று போய் வேனில் உட்கார்ந்தேன். நீ முறுக்கு டின்னோடு வந்து இடது பக்க சீட்டில் ஏறிக்கொண்டாய். வேன் கேட்டைக்கூடத் தாண்டவில்லை. நீ ஒரு கேள்வி கேட்கவில்லை, “ம்ம்” கூடச் சொல்லவில்லை. “உப்பு கம்மிக்கா” என்று மட்டும் சொல்லிவிட்டுத் தின்றுகொண்டே இருந்தாய். மழை விடும்வரை இறங்கவில்லை. நீ என்னைக் கைவிடவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. அடுத்த வாரம் புவான் ரொஹானாவுக்கு போன் பண்ணினேன். மாமாவிடமும் சொன்னேன். லீவு போட்டு அவரே கூட்டிப்போனார்.

அந்த வெள்ளத்தன்று நடந்ததில் ஒன்றை புவானிடம் சொன்னேன். அதை உனக்கு எழுத மாட்டேன். உன் எதிரில் உட்கார்ந்திருந்தால் அதைச் சொல்லியிருக்கவே மாட்டேன். உனக்கு நான் தைரியசாலி அக்கா. அவருக்கு நான் யாரோ. அதனால்தான் வாய் திறந்தது. அவரும் உன்னைப்போல் “ம்ம்” என்று சொல்லிவிட்டுச் சும்மா இருந்தார். எனக்கு எரிச்சல் வரவில்லை, அழுகைதான் வந்தது. உன் விதி எதற்கு என்று அன்று புரிந்தது.

டிசம்பர் மழை நாட்களில் என் பிள்ளைகளைப் இன்னொரு ஸ்கூல் வேன் ஓட்டும் தனலெட்சுமிதான் ஏற்றிப்போனாள். இந்தத் திங்கட்கிழமை காலை கொட்டுகிற மழையில் நானே எடுத்தேன். பாலத்தில் கை நடுங்கியது. நடுங்கினால் நடுங்கட்டும் என்று ஓட்டினேன், புவான் அப்படித்தான் பழக்கியிருந்தார். பின்னாலிருந்து ஒருத்தி, “ஆன்ட்டி, ஏன் இவ்ளோ ஸ்லோ? லேட்டாயிரும்லா!” என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

இதற்குப் பதில் எழுதாதே. இந்த வருஷத்திலிருந்து நம் ஜோகூரிலும் வெள்ளிக்குப் பதில் ஞாயிற்றுக்கிழமை லீவு, எனக்கு வேன் ஓட்டம் இல்லை. ஞாயிறுதோறும் காலையில் போன் பண்ணு. நாள் முழுக்க ஊரார் அழுகையைக் கேட்கப் போகிறாய், உன் அழுகையை யார் கேட்பது? என்னிடம் கொட்டு. எனக்கு லைசென்ஸ் இல்லை, அதனால் விதியும் இல்லை.

உன் அக்கா
பிரேமலா