பைகளை மாட்ட ஒரு கொக்கி

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். நான் நன்றாக இருக்கிறேன். உன் முட்டிவலி குறைந்ததா? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா?

பொழுதுபோக்கு மேலாண்மையில் முதுகலை முடித்துவிட்டேன் அம்மா. வகுப்பிலேயே முதலிடம்! "விளையாடறதுக்கெல்லாம் ஒரு படிப்பா?" என்று கேட்ட அப்பாவிடம் இதைச் சத்தமாகப் படித்துக் காட்டு.

ஆய்வுக்காக ஆறு மாதம் ஒரு பூங்காவில் உட்கார்ந்து பார்த்தேன். பிள்ளைகள் ஓடியாட, அம்மாக்கள் அவர்களுடைய பையையும் செருப்பையும் மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சிலேயே இருந்தார்கள். வாசலில் கொக்கிகளும் செருப்பு அலமாரியும் பார்த்துக்கொள்ள ஓர் ஆளும் வைக்கச் சொல்லிப் பூங்கா நிர்வாகத்திடம் கேட்டேன்; வைத்தார்கள். அவ்வளவுதான். மூன்றாவது வாரம் இருபது அம்மாக்கள் பந்தோடு இறங்கிவிட்டார்கள்.

என் ஆய்வறிக்கையைப் படித்த தேர்வாளர் நம்பாமல் பூங்காவுக்கே நேரில் வந்தார். ஒரு அம்மா அவருடைய ஃபைலை வாங்கிக் கொக்கியில் மாட்டிவிட்டு, "வாங்க சார், ஒரு ஆள் குறையுது" என்றார். மனிதர் அரை மணி நேரம் ஆடினார்!

அந்த ஆட்டத்தில் நானும் சேர்ந்துகொண்டதில் கால் லேசாகப் பிசகியது. பயப்படாதே. நொண்டிக்கொண்டே மேடையேறிப் பட்டம் வாங்கினேன்; கைதட்டல் கூடுதலாகக் கிடைத்தது.

"இந்த யோசனை எப்படிம்மா வந்துச்சு?" என்று அன்று ஆட்டம் முடிந்ததும் கேட்டார் தேர்வாளர்.

"எங்கம்மா பத்து வருஷம் என் செருப்பைக் கையில வச்சுக்கிட்டு மைதான ஓரத்துல நின்னாங்க சார்" என்றேன்.

காகிதத்தில் உன் பாதத்தை வைத்துக் கோடு போட்டு அனுப்பு. உனக்கு ஷூ வாங்க வேண்டும். கடைக்குப் போகும்வரை அந்தக் காகிதத்தை என் அறைச் சுவரில் ஒட்டிவைத்திருப்பேன்.

பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்; பஸ் வந்துவிட்டது. ஊருக்கு வந்ததும் மைதானத்துக்குப் போவோம். நீ விளையாடு. செருப்பை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் மகள்