ஒன்பது பேரும் மாட்டேன் என்றார்கள்

அன்பு மகள் ரலித்சாவுக்கு,

எனக்கும் அப்பாவுக்கும் காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை. இந்த வசந்தத்தில் நலம் என்பது அவ்வளவுதான். நீயும் அங்கே அப்படியே இருக்க வேண்டும். ஈஸ்டருக்குப் பத்து முட்டைக்குச் சிவப்புச் சாயம் ஏற்றினேன், எது உடையாமல் நிற்கிறது என்று முட்டையோடு முட்டை மோதிப் பார்க்க நாங்கள் இரண்டே பேர், மீதி இன்னும் கிண்ணத்தில் கிடக்கிறது. தொலைபேசியில் சொன்னால் அப்பா காதில் விழும் என்பதால் இதை எழுதுகிறேன்.

பள்ளிகளை மூடிய மறுவாரம் எங்கள் தையல் ஆலையில், பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் உள்ள பெண்களை மட்டும் இத்தாலிய மேலாளர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். நடுவில் கண்ணாடி, எல்லோர் முகத்திலும் முகக்கவசம், மொழிபெயர்க்க நான். கேள்வி ஒன்றுதான், சொந்த விருப்பத்தில் சம்பளமில்லாத விடுப்பில் போகிறாயா. முதலில் வந்தவள் ஸ்தோய்கா, உன் பள்ளி விழாச் சட்டையைத் தைத்துத் தந்தவள். தலையை அழுத்தமாக மேலும் கீழும் அசைத்தாள். நீ பெர்லினுக்குப் போன புதிதில் கடைக்காரி பை வேண்டுமா என்று கேட்க, நம் வழக்கப்படி அப்படி அசைத்து வேண்டாம் என்று சொல்லி, மூன்று பையோடு திரும்பினாயே, அதே அசைப்பு. மேலாளர் நல்லது என்று சொல்லி, சம்மதம் என்று குறித்துக்கொண்டார். நான் வாய் திறப்பதற்குள் அடுத்தவள் வந்துவிட்டாள் என்று உன்னிடம் பொய் சொல்லலாம். நேரம் இருந்தது. அலுவலகத்திலும் ஆள் குறைக்கப்போவதாக அவர் அன்று காலைதான் சொல்லியிருந்தார். ஒன்பது பேர், ஒன்பது முறை.

ஸ்தோய்காவின் கணவன் மித்கோ அதே ஆலையில் கிடங்கில் இருக்கிறான், அந்த இரண்டு பிள்ளைகளும் அவனுக்கும் பிள்ளைகள்தான், அவனை யாரும் கூப்பிடவில்லை. அப்பாவிடம் இதைச் சொன்னேன். "எங்கள எதுக்குக் கேக்கப் போறான்? பிள்ளைக்குக் காய்ச்சல்னா லீவு போடுறது பொம்பளைதானே" என்று சூப்பை உறிஞ்சினார், பிறகு இன்னும் ரொட்டி வேண்டுமா என்றதற்குத் தலையை மேலும் கீழும் அசைத்தார், வேண்டாம் என்று புரிந்து ரொட்டியை மூடி வைத்தேன். ஆலையில் ஒன்பது இயந்திரங்களைத் துணி போட்டு மூடியிருக்கிறார்கள். அந்த வரிசையைக் கடக்கும்போது அங்கே யாரும் இல்லை என்று தெரியும், ஆனாலும் யாரோ தலையசைத்ததுபோல இருக்கிறது, திரும்பிப் பார்த்துவிடுகிறேன்.

வெள்ளிக்கிழமை ரொட்டிக்கடை வரிசையில் ஸ்தோய்கா எனக்குப் பின்னால் நின்றாள். "அக்கா, நீ பக்கத்துலயே இருந்த. நான் மாட்டேன்னுதானே சொன்னேன்?" என்று கேட்டாள். நான் கதவு திறந்தாயிற்றா என்று எட்டிப் பார்த்தேன். "பயத்துல நான்தான் மாத்தி ஆட்டிட்டேன் போல. உனக்குத் தலையாட்டக்கூடத் தெரியலடின்னு மித்கோ சிரிக்கிறான்" என்று அவளே சொல்லிக்கொண்டாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன் ரலித்சா.

மற்ற எட்டுப் பேரும் புகார் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், அவள் மட்டும் கையெழுத்துப் போடவில்லை, தன் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. இந்த மாதக் கடைசி வியாழன் தொழிலாளர் அலுவலகத்தில் விசாரணை. ஒன்பது பேரும் மாட்டேன் என்றார்கள், தெரிந்தும் நான் சொல்லவில்லை என்று அங்கே போய்ச் சொல்லப்போகிறேன். அதன் பிறகு ஆலையில் எனக்கு நாற்காலி இருக்காது. அப்பாவிடம் சொல்லவில்லை, சொன்னால் வேண்டாம் என்பார், நானும் கேட்டுவிடுவேன்.

கடவுள் உன்னை நோய்நொடி அண்டாமல் காக்கட்டும். சூடாகச் சாப்பிடு. அந்த வியாழன் மாலை மறக்காமல் அப்பாவுக்கு ஃபோன் செய்து எதையாவது பேசிக்கொண்டிரு, நான் கதவைத் திறக்கும்போது அவர் தனியாக இருக்க வேண்டாம்.

உன் அம்மா,
ருமியானா